தாம்பரம் மேயருக்கு நீங்கள் எப்போது ஓட்டுப் போட்டீர்கள்?

2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் சோரான் மம்தானி வென்ற அன்று, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை நம் தோழர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க அவர் முகம்தான். நானும் வைத்தேன். வாடகையை உயரவிடமாட்டேன், பஸ் இலவசம் என்று வீதி வீதியாகப் பேசி ஜெயித்த 34 வயதுக்காரர். மகிழ்ச்சி இருக்காதா?

சரி, நம் மாவட்டத்தின் ஒரே மாநகராட்சி தாம்பரம். அதன் மேயருக்கு யார் ஓட்டுப் போட்டது?

மக்கள் போடவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று 70 வார்டுகளுக்குக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுங்கட்சித் தலைமை முதல் நாளே பெயரை அறிவித்துவிட்டது. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட அந்த நாற்காலியில் வசந்தகுமாரி அமர்ந்தார். சென்னையில் பிரியா, அந்நகரின் முதல் தலித் பெண் மேயர். இது சின்ன விஷயமல்ல. இட ஒதுக்கீடு இல்லையென்றால் எந்தக் கட்சியும் இவர்களைத் தேடி வந்திருக்காது.

ஆனால் நாற்காலியைக் கொடுத்தவர்களுக்குத்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. உள்ளே தலித் பெண் மேயர், வெளியே தலித் பெண்கள். அவர்கள் ஓட்டு நேராக அந்த நாற்காலிக்குப் போயிருந்தால், அந்த வாசலை அவ்வளவு எளிதாகக் கடந்து போயிருக்க முடியுமா?

1996இல் சென்னை மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் திமுக அரசு அதை எடுத்தது. 2011இல் நேரடித் தேர்தல் திரும்பியது. 2019இல் அதிமுக அரசு மறுபடி எடுத்தது. மேயர் இட ஒதுக்கீடு அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகு, 2022இல்தான். எனவே தலித்துகளுக்காகவே செய்த சதி என்று சொல்லமாட்டேன். இரண்டு கட்சிக்கும் மக்களின் மேயர் தொந்தரவு, அவ்வளவே.

நேரடி ஓட்டு மட்டும் போதாது என்பதும் நமக்குத் தெரியும். ஊராட்சித் தலைவரை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். ஆனாலும் 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். நியூயார்க் மேயர் போலீஸ் கமிஷனரையே நியமிக்கிறார். இங்கே மாநகராட்சி ஆணையரைக்கூட கோட்டைதான் அனுப்புகிறது.

கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: மேயருக்கு நாங்கள் எப்போது ஓட்டுப் போடுவது?