காலுக்கு இதமா, கண்ணுக்கு அழகா ஒரு செருப்பு கிடைக்குமா?

காலையில் ஆம்பூர் பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றால் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். டிபன் பையோடு பெண்கள் ஏறுவார்கள். வெளிநாட்டு ஷோரூம்களில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்போகும் லெதர் ஷூக்களைத் தைக்கிற கைகள் இவர்களுடையவை. கொஞ்சம் குனிந்து அவர்கள் காலைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ரப்பர் செருப்புதான்!

செருப்பு ஊர்க்காரர்களுக்கே இப்படி என்றால், முடக்குவாதம் வந்த காலுக்கு நல்ல செருப்பு தேடுவது எவ்வளவு பெரிய பாடு? இந்த வாரம் அதைத்தான் பேசப்போகிறோம்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதம், வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். கை விரல் வீங்கினால் கவனிக்கிறோம். பாதத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கால் விரல்களின் அடிமூட்டுகள் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படலாம். நாளாக ஆக, கட்டைவிரல் பக்கவாட்டில் சாயும். மற்ற விரல்கள் கொக்கி போல மடங்கும். முன்பாதத்துக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புப் பகுதி நகர்ந்துவிட, எலும்பு முனைகள் நேரே தரையில் அழுந்தும். செருப்புக்குள் கூழாங்கல் கிடப்பது போல இருக்கிறது என்று பலரும் சொல்வது இதனால்தான்.

என் சித்திக்கு எட்டு வருஷமாக இந்த நோய். டாக்டர் சொன்னபடி அளவெடுத்துச் செய்த ஒரு ஜோடி வீட்டில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில்! கல்யாணத்துக்கு அதைப் போடாமல் ஹவாய் செருப்பில் நொண்டிக்கொண்டு வந்தார். ஏன் சித்தி என்று கேட்டேன். “அதைப் போட்டா எல்லாரும் முதல்ல காலைத்தான் பார்க்கிறாங்கடி” என்றார்.

‘வலிக்கிற நேரத்தில் அழகு எதுக்கு?’ என்று சொந்தக்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். அதற்கான பதில் வேலூரிலேயே இருக்கிறது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வேலைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதங்களில் வரும் புண், நோயால் சதை அழுகி வருவதில்லை. வலி தெரியாததால், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வருகிறது என்பதை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் நிலைநாட்டினார்கள். அப்படியென்றால் பாதி மருந்து செருப்பில்தானே இருக்கிறது! வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கப்பட்ட ஷெஃப்லின் மருத்துவமனையில் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகள் முக்கியமான சிகிச்சையாகவே ஆயின. சுருக்கமாக எம்.சி.ஆர் செருப்பு. விரலால் அழுத்தினால் அமுங்கி, எடுத்தால் எழும்பும் ரப்பர் அது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுப்பதும் அதே ரப்பர்தான்.

ஆனால் ஒரு சிக்கல் வந்தது. கறுப்பு நிறம், பட்டை வார், பின்னால் ஒரு வார். தெருவில் நடந்தால், ‘இவருக்கு இன்ன நோய்’ என்று செருப்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பலர் போட மறுத்தார்கள். பிறகு, கடையில் கிடைக்கும் சாதாரணச் செருப்பு போலவே தெரியும்படி நிறத்தையும் மாடலையும் மாற்றிச் செய்ய வேண்டியதாயிற்று. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்பு எந்தக் காலையும் காப்பாற்றாது இல்லையா?

தொழுநோய் பாதித்த கால் வலியே தெரியாத கால். முடக்குவாதக் கால் வலி தாங்க முடியாத கால். இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பாதம் முழுக்கப் பரவ வேண்டும். கூடவே, போட்டுக்கொண்டு வெளியே போக மனசு வர வேண்டும். பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள பெண்களிடம் லின் குடேக்கர், ஃபியோனா கேண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேசி 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செருப்பு மாறும்போது அதற்கு ஏற்ப உடுத்தும் உடையும் மாறிவிடுகிறது என்பது அதில் பேசப்படுகிறது. நம் ஊரில் புடவை கொஞ்சம் கைகொடுக்கும். பட்டுப்புடவைக்குக் கீழே எட்டிப் பார்ப்பது முன்பக்கம் இரண்டு அங்குலம்தான். அந்த இரண்டு அங்குலம் அழகாக இருந்தால் போதும், மீதியைக் காலின் வசதிக்கு விட்டுவிடலாம்.

சரி, கடைக்குப் போவோம். மாலையில் போங்கள். காலையில் மூட்டு இறுகியிருக்கும், சாயங்காலம் பாதம் வீங்கியிருக்கும். அந்த வீங்கிய காலுக்குத்தான் செருப்பு பொருந்த வேண்டும். கிளம்பும் முன் வெள்ளைத்தாளில் எழுந்து நின்று, இரண்டு பாதத்தையும் வரைந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் செருப்பை அந்தத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால், எவ்வளவு அழகான ஜோடியாக இருந்தாலும் வேண்டாம். ஆன்லைனில் வாங்குபவர்கள் இந்தப் படத்தின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளலாம்.

அகலம்தான் நமக்குப் பெரிய தொல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் அகலமானவை என்று அதில் தெரியவந்தது. இந்தியக் கால்களுக்கென்றே ‘பா’ என்ற புது அளவுமுறை முன்வைக்கப்பட்டதும் இதனால்தான். நாமோ அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறோம். அப்புறம் குதிகால் நழுவும், அதைப் பிடிக்க விரல்கள் மடங்கும், வலி கூடும்.

ஆம்பூர் பக்கத்துக் கடைகளில் எக்ஸ்போர்ட்டில் மீந்த ஜோடிகள் விற்பார்கள். எனக்குப் பிடித்த இடம் அது! அங்கே ஷூவின் உள்பக்கத்தில் சைஸ் எண்ணோடு ஓர் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டன் பிராண்டுகளின் பெண்கள் ஷூக்களில் பொதுவாக ‘டி’ சாதாரண அகலம், ‘இ’ அகலம், ‘இஇ’ இன்னும் அகலம். ஜெர்மன் ஷூக்களில் ‘எச்’, ‘கே’ என்பவை அகலமானவை. பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும், போட்டுப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கட்டைவிரல் மூட்டு வருகிற இடத்தில் தையல் தட்டினால் விட்டுவிடுங்கள். மெல்லிய ஆட்டுத்தோல் காலுக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். பளபளக்கும் பேட்டன்ட் லெதர் கொடுக்காது. முன்பக்கம் உருண்டையாக, விரல்களுக்கு மேலும் இடம் விட்டதாக இருக்கட்டும். குதிகால் உயரம் ஓர் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம்.

பிறகு, ஷூவை இரண்டு பக்கமும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்க வந்தால் அது காலைத் தாங்காது. உள்ளே மெத்து, அடியில் உறுதி, இரண்டும் வேண்டும். முன்நுனி படகு போல லேசாக மேலே வளைந்த சோல் கிடைத்தால் அதிர்ஷ்டம். விரல் மூட்டு அதிகம் மடங்காமலே கால் உருண்டு நகரும். கோலாப்பூரி பார்க்க அழகுதான், ஆனால் அடி கட்டாந்தரை. ஹவாயைப் பிடித்துக்கொள்ளவே விரல்கள் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டும். பின்வார் வைத்த சாண்டல், மேரி ஜேன், ஜிப் வைத்த ஷூ எல்லாம் பரவாயில்லை. நோய் கையிலும் இருப்பதால் பக்கிள் மாட்டுவதே ஒரு போராட்டம். பிடித்த ஜோடியில் பக்கிள் இருந்தால் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து வெல்க்ரோவாக மாற்றச் சொல்லுங்கள். வார் உறுத்தினால் தளர்த்தியும் கொடுப்பார்.

விரல் ஏற்கெனவே மடங்கிவிட்டது, பாதத்தில் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றால் கடைச் செருப்பு போதாது. சி.எம்.சி போன்ற பெரிய மருத்துவமனைகளின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் அளவெடுத்து இன்சோலோ செருப்போ செய்து தருவார்கள். அங்கே போகும்போது நிறம், மாடல் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். புடவையின் நிறத்தைக்கூடச் சொல்லுங்கள், தப்பில்லை. செருப்பு மாற்றியதால் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கால் விரல் மூட்டுகளில் வீக்கமும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் சில வாரங்களாகத் தொடர்ந்தால், செருப்புக் கடைக்கு முன்னால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கம் நமக்கு இல்லை. முடக்குவாதக் காலுக்கு மொசைக் தரையும் கிரானைட்டும் பெரிய எதிரிகள். வெளியே போடாத, மெத்தென்ற ஒரு ஜோடியை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமியார்கள் மன்னிப்பார்களாக!

அப்புறம் மெட்டி. வீக்கம் ஏறிய விரலில் மாட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு, ஷூவுக்குள் அது பக்கத்து விரலையும் உரசும். வாய் திறந்த, அகட்டிக்கொள்ளக்கூடிய மெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஷூ போடும் நாளில் கழற்றி பர்ஸில் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்குள் நுழைந்ததும் போட்டுக்கொள்ளலாம்.