குரல் கொடுத்தவர் பெயர் எங்கே?

போன வாரம் மதியம் பாத்திரம் எல்லாம் கழுவி வைத்துவிட்டு டி.வி.யில் ஒரு படம் பார்த்தேன். கதாநாயகி அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த அழுகை அவருடைய சொந்தக் குரல் இல்லை என்று எனக்குத் தெரியும். பேசியவர் யார் என்று கடைசியில் ஓடிய பெயர்களில் தேடினேன். கண் சிமிட்டுவதற்குள் ஓடிவிட்டது. எனக்கு இதில் ஏன் இத்தனை ஆற்றாமை என்று சொல்கிறேன்.

என் பிறந்த வீடு சிதம்பரம். பத்தாவதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தேன். ஒரு தீபாவளி சமயம் மைக்கில் அறிவிப்பு சொல்கிற பெண் லீவு போட்டுவிட, முதலாளி என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "ரெண்டாவது மாடியில் பட்டுப் புடவைகள்..." என்று நான் ஆரம்பித்ததும் கூட்டத்தில் நாலு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கலை. சம்பளம் என்னவோ அதே சம்பளம்தான்!

இப்போது கடலூரில் குடும்பம். மாமனாருக்கு ரெண்டு கண்ணிலும் புரை. தினமும் காலையில் நான்தான் பேப்பர் படித்துக் காட்டுகிறேன். "சரோஜ் நாராயணசுவாமி மாதிரி நிறுத்திப் படிம்மா" என்பார். தில்லியில் வங்கி வேலை பார்த்துவிட்டு வானொலிக்கு வந்தவர் அந்த அம்மா. 2022-ல் காலமானார். முகம் தெரியாமலே தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். ஏன் தெரிந்தது? செய்தியைத் தொடங்கும்போதே தன் பெயரைச் சொன்னாரே, அதனால்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டு, கரண்ட் இல்லாமல் இருட்டில் கிடந்தபோது, பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் கேட்ட குரல்தான் எங்களுக்கெல்லாம் தைரியம். குரல் என்றால் லேசான விஷயம் இல்லைங்க.

மாமா சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துவிட்டது. போன வருஷம் செல்போனில் ஒரு விளம்பரம். டப்பிங் பயிற்சி, வாய்ப்பு உறுதி என்றார்கள். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மோதிரத்தை அடகு வைத்துப் பன்னிரண்டாயிரம் கட்டினேன். ஒரே ஒரு நாள் வகுப்பு. அப்புறம் கார்டு வாங்கித் தர இன்னும் நாற்பதாயிரம் வேண்டும் என்றார்கள். இல்லை என்றதும் போனை எடுப்பதே இல்லை. விஷயம் வெளியே வந்த அன்று அத்தை பேசின பேச்சு இருக்கிறதே, எழுத முடியாது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. மறுநாள் காலையில் மாமா வழக்கம்போல பேப்பரை நீட்டி, "படிம்மா" என்றார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் எதுவும் கேட்கவில்லை.

என்னைப் போல ஏமாறாதீர்கள் சகோதரிகளே. சினிமாவில் டப்பிங் பேச சங்கத்தில் சேர வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. ஆனால் அந்த விவரத்தைச் சங்கத்திலேயே நேரில் கேளுங்கள். நடுவில் நிற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த ஒரு நாள் வகுப்பில் ஒரு உண்மை மட்டும் கற்றுக்கொண்டேன். இது சும்மா வாயசைப்புக்குப் பேசுகிற வேலை இல்லை. 'ப', 'ம' சொன்னால் உதடு ஒட்டும். திரையில் ஒட்டுகிற இடத்தில் நம் வார்த்தையும் ஒட்ட வேண்டும். மூச்சு, விக்கல், ஓடி வரும் இரைப்பு, எல்லாம் ஒரு அறைக்குள் நின்றுகொண்டே வரவழைக்க வேண்டும். டி.வி. சத்தத்தை அணைத்துவிட்டு நீங்களே ஒரு காட்சிக்குப் பேசிப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு செய்தும் பெயர் இல்லை. 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்குப் பேசியவர் நடிகை ரோகிணி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவராவது நடிகை. 1993-ல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்', நம்ம 'சந்திரமுகி'க்கு மூலம். அதில் ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாகவல்லியாகத் தமிழில் உறுமுகிறாரே, அந்தக் குரல் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞருடையது என்று இயக்குநர் ஃபாசில் வெளியே சொன்னது 2016-ல்! அதுவரைக்கும் பாராட்டு வேறொருவருக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்து மூன்று வருஷம் ஒரு பெண் இதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருந்திருப்பார்? நான் என்றால் தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

தமிழக அரசு டப்பிங் கலைஞருக்கு விருது தருகிறது, நல்ல விஷயம். தேசிய விருதில் அப்படி ஒரு பிரிவே இல்லை. ஏன் வைக்கக் கூடாது? கதாநாயகி பெயர் வரும்போதே கீழே 'குரல்: இன்னார்' என்று ஒரு வரி போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இப்போது கம்ப்யூட்டரே ஒருவர் குரலில் பேசுகிறது, பாடுகிறது. 2024-ல் 'லால் சலாம்' பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் ரெண்டு பேர் குரலை அப்படிக் கொண்டுவந்தபோது ஏ.ஆர்.ரஹ்மான் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். எல்லோரும் அப்படிக் கேட்பார்களா? பெயரே தெரியாதவர் குரலை எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் அனுமதி கேட்பார்கள்? அதனால்தான் பெயர் முதலில் வேண்டும் என்கிறேன்.

மோதிரம் இன்னும் மீளவில்லை. ஆனால் போன மாதம் இவரே, "பாண்டி ரேடியோவில் நாடகத்துக்குக் குரல் தேர்வு வைப்பாங்களாமே, எப்போன்னு விசாரிக்கலாமா?" என்று கேட்டார். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். பத்தாவது படித்தவளை எடுப்பார்களோ மாட்டார்களோ, அடுத்த திங்கள்கிழமை ரெண்டு பேரும் போய்க் கேட்கப் போகிறோம். அன்றைக்கு மட்டும் மாமாவுக்கு யார் பேப்பர் படிப்பது என்றுதான் யோசனை. அத்தை, "நான் படிக்கிறேன் போ" என்கிறார்கள்.

- ஒரு வாசகி, கடலூர்