கங்காணி இல்லாத பெரட்டு



விடியற்காலையில் சங்கு ஊதும். பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூடுவார்கள். கங்காணியார் பெயர் படிப்பார்; கிராணியார் குறித்துக்கொள்வார்; அதன் பிறகே ஆளுக்கொரு நிரை. இது நம் பெற்றோரும் பாட்டன்மாரும் கண்ட வாழ்க்கை. சங்கும் இல்லாமல் கங்காணியும் இல்லாமல் நூறு பேர் ஒரே நொடியில் ஒரு வேலையைச் செய்ய முடியுமா? முடியாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முடியும் என்று காட்டியது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. அதனிடம் பாடம் கேட்கப் பல்கலைக்கழகக் கணினி அறிஞர்களே போய் நின்றார்கள் என்பதுதான் இம்மாதக் கதை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலசிலாங்கூருக்குப் பக்கத்திலுள்ள கம்போங் குவாந்தானுக்கு அழைத்துச் சென்றோம். இருட்டியதும் சம்பானில் ஏறி ஆற்றுக்குள் போனோம். கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள். மரம் முழுவதும் ஒரே நேரத்தில் எரிந்தது. ஒரே நேரத்தில் அணைந்தது. தீபாவளிக்கு நாம் கட்டும் வண்ண விளக்குச் சரத்தை யாரோ மறைவில் இருந்து போட்டுப் போட்டு அணைப்பது போல் இருந்தது.

என் பக்கத்தில் இருந்த ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: “சார், இதுங்களுக்கெல்லாம் யாரு சார் சங்கு ஊதுறது?”

படகில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். “பேசாம பாருடா” என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்கு விடை தெரியாது.

அந்தப் பையன் கேட்டது பெரிய பெரிய அறிஞர்களைத் திணறடித்த கேள்வி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழில் ஒருவர் என்ன எழுதினார் தெரியுமா? பூச்சிகள் இப்படிச் சேர்ந்து மின்னுவது இயற்கை விதிக்கே முரணானது. என் இமைகள் துடித்ததால்தான் அப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினார்! கண்ணால் கண்டதை நம்பாமல் கண்ணையே குறை சொன்னார் அவர்.

1965இல் ஜான் பக், எலிசபெத் பக் என்ற அமெரிக்கத் தம்பதியர் தாய்லாந்துக்கு வந்தனர். பாங்காக் அருகே ஆற்றோரத்தில் மின்மினிகளைப் பிடித்துக்கொண்டு போய், இருட்டாக்கிய ஹோட்டல் அறைக்குள் பறக்கவிட்டனர். சுவரிலும் கூரையிலும் அமர்ந்த பூச்சிகள் முதலில் தாறுமாறாக மின்னின. சற்று நேரத்தில் அருகருகே இருந்த இரண்டு சேர்ந்து மின்னின. பிறகு மூன்று சேர்ந்தன. இப்படியே கூட்டம் வளர்ந்தது. அவற்றுக்குத் தலைவன் என்று எவனும் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எப்படித் திருத்திக்கொள்கிறது? 1990இல் மிரொல்லோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்னும் இரு கணித அறிஞர்கள் இதற்கு ஒரு கணக்கு எழுதினார்கள். நம் பால்மரத்தை வைத்தே அதைச் சொல்லிவிடலாம்.

மரத்தைச் சீவியதும் பால் முதலில் வேகமாக ஓடும். நேரம் ஆக ஆக ஓட்டம் குறையும். ஒவ்வொரு மின்மினிக்குள்ளும் அப்படி ஒரு மங்கு நிறைந்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மங்கு நிறைந்தால் பூச்சி மின்னும். உடனே மங்கு காலியாகி, மறுபடி முதலில் இருந்து நிறையத் தொடங்கும். இனி ஒரே ஒரு விதி: ஒரு பூச்சி மின்னுவதைக் கண்டதும் மற்றவற்றின் மங்கில் ஒரு கரண்டிப் பால் கூடிவிடும். ஏற்கெனவே நிறையும் நிலையில் இருந்த மங்கு, அந்தக் கரண்டிப் பாலால் அப்போதே நிறைந்துவிடும். அந்தப் பூச்சியும் கூடவே மின்னும். அன்று முதல் அவை இரண்டும் ஒரே சோடி. சோடி கூட்டமாகும், கூட்டம் மரமாகும். எல்லாப் பூச்சிகளும் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால், அநேகமாக எந்த நிலையில் தொடங்கினாலும் முடிவில் எல்லாம் சேர்ந்தே மின்னும் என்று அவர்கள் நிறுவிக் காட்டினார்கள். உயிருள்ள பூச்சி இந்தக் கணக்கைவிடச் சிக்கலானதுதான். ஆயினும் அடிப்படை விளங்கிவிட்டது.

சரி, இதனால் கணினிக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள்.

கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.எம். என்னும் முறையில் ஒரே அலைவரிசையை எட்டுத் தொலைபேசிகள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 577 மைக்ரோ வினாடி. அதாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேரம் தப்பினால் ஒருவர் பேச்சு இன்னொருவர் பேச்சின் மேல் மோதிவிடும். முறை பிரித்துக் கொடுப்பது யார்? உயரமாக நிற்கும் அந்தக் கோபுரம். அதுதான் அங்கே கங்காணி.

கோபுரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? காட்டிலும் ஆற்றங்கரையிலும் வெப்பத்தையும் ஈரத்தையும் அளப்பதற்குத் தீப்பெட்டி அளவுக் கருவிகளைப் போட்டு வைக்கிறார்கள். அவை பேட்டரியில் ஓடுபவை. மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பெரும்பாலும் தூங்கும். ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்கினால் யார் யாரிடம் செய்தி சொல்வது? ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும். சங்கு ஊத ஆள் கிடையாது.

இங்கேதான் மின்மினி கைகொடுத்தது. 2005இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக் குழுவினர் மின்மினியின் விதியை அக்கருவிகளுக்குள் எழுதினார்கள். இந்தியாவில் வளர்ந்த ராதிகா நாக்பால் என்னும் பெண் பேராசிரியரும் அக்குழுவில் ஒருவர். தொடக்கத்தில் ஒரு தொல்லை. வெளிச்சம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். வானொலிச் செய்தியோ தாமதமாக வரும், சில வேளை வராமலே போகும். அதனால், செய்தி கேட்டவுடன் துள்ளாதே, குறித்து வைத்துக்கொள், அடுத்த சுற்றில் திருத்திக்கொள் என்று விதியை மாற்றினார்கள். கருவிகள் 100 மைக்ரோ வினாடிக்குள், அதாவது வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்து இயங்கின! 2007இல் நாக்பால் குழுவினர் அதே விதியைத் தலைகீழாக்கினார்கள். கருவிகள் ஒன்றோடொன்று மோதாமல் சம இடைவெளி விட்டு, தாமே முறை பிரித்துக்கொண்டு பேசின. நம் சட்டைப்பையில் உள்ள தொலைபேசி இன்று மின்மினி முறையில் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. கங்காணி இல்லாமலும் முறை தவறாமல் பேச வழி உண்டு என்பதை அவர்கள் கண்டுவிட்டார்கள் என்றே சொல்கிறேன்.

ஆனால் பாடம் சொன்ன வாத்தியாரின் நிலைமை சரியில்லை. மின்மினியின் புழு ஆற்றோர ஈரநிலத்தில் சிறு நத்தைகளைத் தின்று வளர்வது. தண்ணீர் ஓரம் வரைக்கும் வெட்டி அழித்துச் செம்பனை நட்டால் புழுவுக்கு இடமில்லை. பெரெம்பாங் மரத்தைச் சாய்த்தால் பூச்சி கூட இடமில்லை. பளீரென்ற விளக்கைக் கரையில் கட்டினால், துணையைத் தேடி ஆண்பூச்சி காட்டும் வெளிச்சம் அதில் மங்கிப்போகிறது. 2010இல் சிலாங்கூரில் கூடிய மின்மினி ஆய்வாளர்கள், அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று ‘சிலாங்கூர் பிரகடனம்’ வெளியிட்டார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் படகில் டார்ச்சு அடிக்காதீர்கள். பூச்சியைப் பிடித்துப் போத்தலில் அடைக்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

அந்தப் பையனைச் சென்ற ஆண்டு ஒரு கோயில் திருவிழாவில் கண்டேன். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு லோரி ஓட்டுகிறான். நல்ல உழைப்பாளி, தாயாரை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். நான் சொன்ன ஒரு சொல்லால்தான் படிப்பை விட்டான் என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, அன்னிக்கு நீ கேட்டதுக்கு இப்போ பதில் சொல்றேன்” என்று பால் மங்குக் கணக்கை விளக்கினேன். முழுவதும் கேட்டான். கேட்டுவிட்டு, “அப்போ நான் கேட்டது முட்டாள் கேள்வி இல்லையா சார்?” என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். “எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்போம் வா” என்று சொல்லிப் பள்ளிக்கு அழைத்து வாருங்கள். எங்களுக்கும் தெரியாவிட்டால் தேடிப் படித்துச் சொல்கிறோம். சிரித்து மட்டும் விடாதீர்கள். நான் ஒரு முறை சிரித்தது போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.