மலிவு வண்டியும் மாற்று எஞ்சினும்: சில கடுஞ்சொற்கள்

இலக்கியம் பேசுகிற இடத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் இக்கட்டுரையைத் தாண்டிச் சென்றுவிடலாம். அவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. நமக்கோ, கடந்த இரண்டாண்டுகளாக நண்பர் வட்டத்தில் ஒரு தொற்றுநோய்போலப் பரவிவரும் அறிவுரை ஒன்றை எதிர்த்துச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது. 'எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதோ அவ்வளவு மலிவாக ஒரு பழைய காரை வாங்கிவிடு. எப்படியிருந்தாலென்ன, எஞ்சினைத்தான் மாற்றப்போகிறாயே' என்பதுதான் அந்த அறிவுரை. கேட்பதற்குத் தர்க்கம்போல இருக்கிறது. தர்க்கத்தின் வேடம் பூண்ட சோம்பல் அது என்பதே நம் தரப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். எஞ்சின் மாற்றுதலே பாவம் என்று புலம்பும் தூய்மைவாதிகளோடு நமக்கு உறவில்லை. இந்தியக் கார்த் தொழிலின் வரலாறே பெருமளவு எஞ்சின் மாற்றிய வரலாறுதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை உடலை வாங்கிவந்து 1958 முதல் 2014 வரை அம்பாசடர் என்று விற்ற ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், நெடுங்காலம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடு ஓட்டிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே உடலுக்குள் இசுசுவின் 1817 சிசி எஞ்சினை இறக்கியது. அதே நிறுவனத்தின் கன்டெஸாவுக்கு வாக்ஸ்ஹால் விக்டரின் உடல். முதலில் அம்பாசடரின் பழைய எஞ்சின், பிறகு இசுசு. பிரீமியர் 118 என்.இ.யோ பியட் உடலுக்குள் நிஸான் எஞ்சின். அப்பழுக்கற்ற 'அசல்' என்று இவர்கள் கொண்டாடும் வண்டிகள் எல்லாம் தொழிற்சாலையிலேயே ஒட்டுமாங்கன்றாகப் பிறந்தவை.

தோற்ற கதையும் நம்மூரிலேயே உண்டு. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், அன்றைய பிரிட்டனின் அழகான ரோவர் எஸ்.டி.1. உள்ளே வைத்ததோ பழைய வேன்கார்டு கால 1991 சிசி எஞ்சின். சீமான்களுக்கான வண்டி, மூச்சிரைக்கும் எஞ்சின், கண்ணைப் பறிக்கும் விலை. சில ஆண்டுகளுக்குள் வண்டி நின்றது; நிறுவனமும் மீளவில்லை. உடலுக்கும் எஞ்சினுக்கும் பொருத்தம் பார்க்காதவர்களுக்கு ஒரு தொழிற்சாலையே பலியானபோது, வீட்டுக் கொட்டகையில் ஜாதகம் பார்க்காமல் கட்டிவைக்கத் துணியும் நம் நண்பர்களை என்னவென்பது?

இனி எங்கள் சொந்த வெட்கத்துக்கு வருவோம். நாங்கள் மூவர் சேர்ந்து, எண்பதுகளின் அம்பாசடர் ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். எஞ்சின் புகைந்தது. புகையட்டுமே, எப்படியும் தூக்கி எறியப்போவதுதானே என்று சிரித்தோம். காயலாங்கடையிலிருந்து வந்த இசுசு டீசல் எஞ்சின் ஒன்றையும் பேசி வைத்திருந்தோம். பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கியபோது வண்டி எழவில்லை. ஜாக்கி தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போயிற்று. அம்பாசடரில் லாரிபோலத் தனிச் சட்டம் கிடையாது. கதவடியில் ஓடும் பெட்டித்தகடும் தரைத்தகடும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அந்த எலும்பின்மேல் பட்டி தடவிக் கறுப்புப் பெயின்ட் அடித்து விற்றிருக்கிறார்கள். நாங்கள் எஞ்சின் மூடியைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தோம். குனிந்து அடியில் பார்க்க ஒரு நிமிடம் செலவழிக்கவில்லை. எஞ்சினை எறியப்போகிறவன் எஞ்சினைப் பார்த்து வாங்குகிறான் என்றால் அவனை ஏமாற்றுவதற்கு வேறொருவன் தேவையா?

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். எங்களைத் திட்டவில்லை. "எஞ்சினு ஓடும் தம்பி, அத நான் ஓட்டிக் குடுத்துருவேன். காரு நிக்கணும்ல?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த பொறியியல் எங்கள் மூன்று பட்டங்களில் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை 90இல் ஓட்டினால், அதை நிறுத்த பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். மலை இறக்கத்தில் நாலு முறை அழுத்தினால் சூடேறிப் பிடி தளரும் சாதி. ஆகவே எஞ்சினோடு பிரேக்கும், பின் ஆக்சிலின் பல்விகிதமும், ரேடியேட்டரும், மவுண்டிங்கும், கியர்பாக்ஸுக்கேற்ற நீளத்தில் ஜாயின்ட் ஷாப்ட்டும், டீசலென்றால் திரும்பு குழாயும் மாறவேண்டும். 'எஞ்சின் மாற்றம்' என்ற சொற்றொடரிலேயே பொய் இருக்கிறது. மாறுவது வண்டி முழுக்க. கணக்குப் போட்டால் தகட்டு வேலைக்கு மட்டும் வண்டி விலையைப்போல இரண்டு மடங்கு வந்தது. முதலிலேயே ஒரு லட்சம் கொடுத்துத் துருப்பிடிக்காத உடலை வாங்கியிருந்தால் மிச்சம் பிடித்திருப்போம்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு முன்னனுமதி கேட்கிறது. பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு முரணாகும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில், விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். வேடிக்கை என்னவென்றால், பத்து போக்குவரத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர் அதே வகை எஞ்சினை அனுமதி கேளாமலே மாற்றிக்கொள்ள மாநில அரசு வழிவிடலாம் என்று அப்பிரிவிலேயே இருக்கிறது. ஒற்றை வண்டிக்காரன் படியேறவேண்டும். வாயு கிட்டுக்கும் மின்கலத்துக்கும் நிபந்தனையோடு கதவு திறக்கும் சட்டம், பட்டறைக்காரரின் கைவேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்று தரும் வழியை ஏன் அமைக்கக்கூடாது? தடை செய்தால் வேலை நிற்பதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறது, சோதிப்பார் இல்லாமல்.

ஆனால் இந்த நியாயமான கோபத்தைத்தான் நம் மலிவுவாதிகள் கேடயமாக்குகிறார்கள். 'சட்டமே முட்டாள்தனம், ஆகவே பேப்பர் பார்க்க வேண்டாம்' என்கிறார்கள். பேப்பர் இல்லாத வண்டி இரண்டு வருடம் கொட்டகையில் கிடந்து, பணமும் ஆர்வமும் தீர்ந்து, பாதி வேலையோடு விலைக்கு வரும். வாங்குபவன் பெரும்பாலும் அதை ஓட்டிப் பிழைக்க நினைக்கும் ஓர் ஏழை. புது எஞ்சின் போட்ட வண்டி என்றுதான் அவனிடம் சொல்வார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அந்த ஆளின் முகத்தை நினைக்காமல் செய்யப்படும் பொழுதுபோக்குக்கு ரசனை என்று பெயர்சூட்ட நம்மால் முடியாது.

எங்களிடமும் ஒருவர் வந்தார். அடியில் எதுவும் பார்க்காமல் 50,000 தருவதாகச் சொன்னார். எங்களில் ஒருவர் தயங்கினார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவரைக் குனியச்சொல்லி டார்ச் அடித்துக் காட்டினோம். எழுந்து, பேசாமல் போய்விட்டார். வண்டியைப் பட்டறைக்காரரே எடைக்கு எடுத்துக்கொண்டார். முன்கதவுகள் இரண்டும் நன்றாக இருந்தனவாம், அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.