பூஸ்டர் விற்குமுன் அளந்து காட்டுங்கள்

மலேசியாவின் பெண்டாங் வட்டாரத்தில் ஏரியல் கட்டுவதுதான் என் பிழைப்பு. தொழில்காரன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: சிக்னலை அளக்காமல், அதைப் பெருக்கும் பூஸ்டரை விற்பது வாடிக்கையாளர் தலையில் மிளகாய் அரைப்பதுதான்.

2019 அக்டோபருக்குள் நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்றுபோனது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஆனாலும் செய்தியைக் கேட்டுவிடலாம். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு குறிப்பிட்ட அளவு வரை பளிச்சென்று வரும், அதற்குக் கீழே கட்டங்கட்டமாக உடைந்து காணாமல் போகும். உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு அரசாங்கம் டிகோடரை இலவசமாகக் கொடுத்தது. கூரையில் இருந்த பழைய வயரை யார் பார்த்தார்கள்?

இங்கே பலரும் ஏரியலைத் திருப்பி வைப்பது ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் குனோங் ஜெராய் பக்கம். 1,217 மீட்டர் மலை, வானம் வெளுத்திருந்தால் வயலில் நின்றே பார்க்கலாம். மலை கண்ணுக்குத் தெரிந்தும் படம் வரவில்லையென்றால், கோளாறு பெரும்பாலும் நம் வீட்டில்தான்.

தோட்ட லயத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெரியம்மா வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூஸ்டர்கள். "தம்பி, இன்னொன்னு போட்டா வந்துடுமா?" என்றார். மீட்டரை ஏரியல் முனையில் வைத்தேன்: 64 டெசிபல் மைக்ரோவோல்ட், தாராளம். பூஸ்டர்களைக் கழற்றிவிட்டு, அதே அலைவரிசையை டிவிக்குப் பின்னால் வரும் வயரில் அளந்தேன்: 40. டெசிபலில் 3 குறைந்தாலே சக்தி பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. 24 குறைந்தால் இருநூற்றைம்பதில் ஒன்றுதான் மிச்சம்! இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் மூன்றரைதான் தின்னும். மீதி எங்கே போனது? கூரையோரத்து மூட்டைப் பிரித்தேன். மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு வலை பச்சை பூத்து, தொட்டாலே உதிர்ந்தது. வயரை மாற்றினேன், பூஸ்டர் இல்லாமலே படம் வந்தது.

பூஸ்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரியல் முனையிலேயே அளவு குறைவென்றால் கம்பத்தை உயர்த்த வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பூஸ்டர், அதுவும் ஏரியலுக்குப் பக்கத்திலேயே. டிவிக்குப் பின்னால் மாட்டினால், வழியில் நலிந்த சிக்னலோடு இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

மீட்டர் விலை கூட என்று சக தொழிலாளிகள் முனகுவார்கள். டிகோடர் மெனுவிலேயே சிக்னலின் பலமும் தரமும் சதவீதத்தில் இருக்கின்றன. பெட்டிக்குப் பெட்டி அந்தக் கணக்கு மாறும் என்பதால், ஒரே பெட்டியை இரண்டு இடத்திலும் மாட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று ரசீதில் எழுதித் தந்த பிறகு காசைக் கொடுங்கள்.