காத்தாடியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

காற்றாலை என்றதும் இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வருவது முப்பந்தலும் கயத்தாறும்தான். மூன்று இறக்கை, வானளாவிய கம்பம், மின்சாரம். நான் சொல்ல வருவது அதுவல்ல. நாலு கால் இரும்புக் கோபுரம், தலையைச் சுற்றித் தகரத் தகடுகள், பின்னால் ஒரு வால், நடுவில் கிணற்றுக்குள் இறங்கும் ஒரு தண்டு. நம் பக்கத்தில் காத்தாடி என்பார்கள். மின்சாரம் தராது, தண்ணீர் இறைக்கும்.

1982-ல் மத்திய அரசு மரபுசாரா எரிசக்திக்கென்று தனித்துறை தொடங்கியது. அந்தக் காலத்தில் மானியத்தில் பல மாநிலங்களில் காத்தாடி நட்டார்கள். திறப்பு விழா, ரிப்பன், மாலை, போட்டோ எல்லாம் நடந்தது. இன்று மிச்சம் இருப்பவற்றில் பல, துருப்பிடித்த எலும்புக்கூடாக நிற்கின்றன. சில, கிலோக் கணக்கில் எடை போட்டுப் போய்விட்டன. கேட்டால், "அது பழைய டெக்னாலஜி சார், ஓடாது" என்கிறார்கள். இதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ஓடாமல் போகவில்லை. ஓடவிடாமல் விட்டோம்.

அதன் வேலை மிக எளிது. இறக்கைகள் நிறைய இருப்பதால் மெல்லிய காற்றிலேயே பாரத்தை இழுத்துக்கொண்டு சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சியைத் தலையில் இருக்கும் பெட்டி மேலும் கீழுமான அசைவாக மாற்றும். தண்டு ஏறி இறங்கும், கீழே பம்பு தண்ணீரைத் தள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் பலம் எட்டு மடங்காகும். அதனால் ஆடிக்காற்றில் உடையாமல் இருக்க, வால் மடங்கித் தலையைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பிவிடும். தேய்வது எது? பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர், அடியில் இருக்கும் ஃபுட்வால்வு, பேரிங். வருஷம் ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், தளர்ந்த போல்ட்டை முடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் பணியில் இருந்தபோது இப்படி நின்றுபோன காத்தாடி ஒன்றின் கோப்பு ஓர் அலுவலகத்தில் மேசை மேசையாகச் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். தேவை ஒரு வாஷரும் ஒரு நாள் கூலியும். மேலிருந்து வந்த பதில்: "பழுதுபார்ப்புக்கு நிதித் தலைப்பு இல்லை." புதிதாக ஒன்று வாங்கத் தலைப்பு உண்டு, இருப்பதை ஓடவைக்கத் தலைப்பு கிடையாது. அந்த ஒரு வரியில் இந்தக் காத்தாடிகளின் சரித்திரம் முழுவதும் அடங்கிவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் காற்றாலைக்கு "எயோலியென்" என்று பெயர். லெ மான் நகரில் கோயில் மணி வார்த்துக்கொண்டிருந்த பொல்லே என்பவர் 1868-ல் காப்புரிமை வாங்கிய, தண்ணீர் இறைக்கும் இயந்திரத்திலிருந்து வந்த பெயர் அது. அவருடைய எயோலியென்கள் பலவற்றை அந்த நாட்டில் வரலாற்றுச் சின்னங்களாகப் பதிவு செய்து, செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏர்மோட்டார் நிறுவனம் 1888-ல் ஆரம்பித்தது. 1933-ல் அவர்கள் கொண்டுவந்த மாடலை இன்றும் செய்கிறார்கள், பழசுக்கு உதிரிப்பாகமும் தருகிறார்கள். பழைய டெக்னாலஜி என்று தூக்கிப் போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அது வெளிநாடு என்பீர்கள். சரி, ஆரோவில்லுக்கு வாருங்கள். அங்கே பட்டறையிலேயே பல இறக்கைக் காத்தாடி செய்து, நட்டு, தண்ணீர் இறைத்துக் காட்டினார்கள். செம்மண் பொட்டலாகக் கிடந்த அந்த மேட்டில் மரம் வளர்ந்ததில் காத்தாடிக்கும் பங்கு உண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: செய்தவர்களே பக்கத்தில் இருந்து பழுதும் பார்த்தார்கள்.

அவர்களைவிட நமக்கு என்ன குறை? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். கையால் நெம்புகோல் அறுத்து, சாவிக்குச் சாவி வேறாகப் பூட்டுச் செய்கிற ஊர். தோல் பதனிடுவதில் தலைமுறை தலைமுறையாகப் பேர் எடுத்த ஊர். கமலையில் இறைத்த காலத்தில் சாலின் தோல் கிழிந்தால் தைத்துக் கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். இந்த ஊரில் ஒரு தோல் வாஷர் வெட்டவும் ஒரு தண்டைக் கடையவும் ஆள் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

எதிர்வாதம் எனக்குத் தெரியும். 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். ஸ்விட்சைப் போட்டால் தண்ணீர். அப்புறம் ஆழ்துளைக் கிணறு வந்தது. நம் மாவட்டம் அடியில் கெட்டிப் பாறை. எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போகிற இடத்தில் காத்தாடியால் ஒன்றும் செய்ய முடியாது. உண்மைதான். ஆனால் திறந்த கிணறு, ஊருணி, தோட்டத்துத் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி, இவற்றுக்கு அது போதும். ஒரேயடியாக உறிஞ்சாது. சொட்டுச் சொட்டாக ராவும் பகலும் இறைக்கும், கிணறும் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் கிணற்றை வற்றடிக்கும். காத்தாடிக்கு அந்தப் பேராசை கிடையாது.

இப்போது சோலார் பம்புக்கு மானியம் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் அதன் கண்ட்ரோலர் கெட்டால் நம் ஊர்ப் பட்டறையில் என்ன செய்ய முடியும்? பத்து வருஷம் கழித்து அந்தக் கோப்பிலும் அதே வரியை எழுதத்தானே போகிறார்கள்?

ஆகவே நான் கேட்பது மூன்றே விஷயம். மாவட்டத்தில் எத்தனை காத்தாடி மிச்சம் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். எடைக்குப் போடும் முன் ஒரு ஃபிட்டரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எந்தப் பம்பு கொடுத்தாலும், முதல் நாளே பராமரிப்புக்கென்று ஒரு நிதித் தலைப்பைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஒன்று நிற்கிறதா? ஏலம் விடும் நோட்டீஸ் ஒட்டுவதற்குள் போய்ப் பாருங்கள். தலைப் பெட்டி முழுசாக இருந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது.