காக்காய் வலிப்பும் உதவி நாயும்

நடுத்தெருவில் ஒரு மனிதன் காக்காய் வலிப்பு வந்து விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுவோம். உடனே ஐம்பது பேர் கூடிவிடுகிறார்கள். ஒருவர் “இரும்பு, இரும்பு” என்று கத்துகிறார். மற்றொருவர் தன் சாவிக்கொத்தை விழுந்தவன் கையில் திணிக்கிறார். வேறொருவர் பல்லை நெம்பி வாய்க்குள் கரண்டியை நுழைக்கிறார். நாலு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்ளுகிறார்கள். “காற்றுக் கருப்பு அண்டியிருக்கிறது” என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடும். அப்படி நின்றதும் இரும்புக்குத்தான் பெருமை சேர்கிறதே தவிர, பல் உடைந்ததற்கும் தோள் பிசகியதற்கும் யாரும் பொறுப்பாளியாவதில்லை.

இதே நோயாளி அமெரிக்காவிலோ, இங்கிலாந்திலோ, ஹாலந்திலோ ஒரு பழக்கிய நாயுடன் போகிறவனாக இருந்தால் என்ன நடக்கிறது? அவன் விழுந்ததும் நாய் அவனை விட்டு ஓடுவதில்லை. பக்கத்திலேயே இருந்துகொண்டு, குரைத்து ஆளைக் கூப்பிடுகிறது. வீட்டிலானால் அபாய மணியின் பொத்தானைக் காலாலோ மூக்காலோ அழுத்துகிறது; டெலிபோனையோ மருந்துப் பையையோ கவ்விக்கொண்டு வருகிறது. வலிப்பு நின்று, தான் எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் அவன் மயங்கியிருக்கும் நேரத்தில், அவனை ஒட்டிப் படுத்திருந்து நினைவு திரும்பும் வரையில் காத்திருக்கிறது. உதவிக்கு வருகிற அந்நியரைக் கடிக்காமல் வழிவிடவும் அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். நாய்க்கு இரும்பின் மகிமை தெரியாது. காற்றும் கருப்பும் தெரியாது. ஆகவேதான் செய்ய வேண்டியதைச் செய்கிறது! ஐம்பது பேர் கூட்டத்தையும் ஒரு நாயையும் எதிரெதிரே நிறுத்தி, புத்தி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

வலிப்பு என்பது மூளையிலுள்ள நரம்பணுக்களில் மின்னோட்டம் திடீரென்று வரம்பு மீறுவதால் உண்டாவதேயன்றி வேறில்லை. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க நாட்டில், ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூலொன்றில், இது தெய்வத்தால் வருவதல்ல, மற்ற வியாதிகளைப் போன்ற ஒரு வியாதியே என்று எழுதிவைத்தார்கள். இன்று உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறதென்றும், அவர்களில் நூற்றுக்கு 80 பேர் வரையில் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் இருக்கிறார்கள் என்றும், சரியான வைத்தியம் கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றியே வாழலாம் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஆகையால் முதலில் வேண்டியது மருந்தும் மருத்துவருமேயாகும். நாய் மருந்துக்குப் பதிலல்ல. மருந்துக்கும் அடங்காத வலிப்புடையவர்களுக்கே இந்த நாய்த் துணை பெரிதும் பயன்படுகிறது.

நிற்க, நாய் வலிப்பை முன்கூட்டியே அறிந்து சொல்லுமா என்ற கேள்வி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ஷெப்பீல்டு நகரத்து அறநிலையம் ஒன்று 1990-களிலிருந்து இம்முயற்சியில் ஈடுபட்டு வருகிறது. 2019-ல் பிரான்சு தேசத்து ரென் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 5 நாய்களைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தினார்கள். நோயாளிகளிடம் வலிப்பு நேரத்தில் எடுத்த மூச்சு, வியர்வை வாசனையை, அவர்களே சும்மா இருந்தபோதும் தேகப்பயிற்சி செய்தபோதும் எடுத்த வாசனைகளிலிருந்து அந்நாய்கள் பிரித்துக் காட்டின. இது வலிப்புக்கு ஒரு வாசனை உண்டு என்பதைக் காட்டுகிறதே தவிர, எல்லா நாய்களும் எல்லா வலிப்பையும் முன்னதாகச் சொல்லிவிடும் என்பதைக் காட்டவில்லை. ஹாலந்தில் மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 25 பேரைக் கொண்டு நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வழக்கமான வைத்தியத்தோடு நாயும் கிடைத்தபோது வலிப்புகள் சராசரியாக நூற்றுக்கு 31 பங்கு குறைந்ததாகக் கண்டார்கள். இந்தப் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடவில்லை. இரும்பை நம்பியவர்கள் அதை விட்டுவிட்டு நாய்க்கு ஞான திருஷ்டி உண்டென்று நம்பப் புறப்பட்டால், ஒரு மூடநம்பிக்கை போய் மற்றொன்று வந்ததாகத்தான் ஆகும்.

“பெற்றோரும் உற்றாரும் இருக்க, நாய் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். உற்றார் செய்கிற காவல் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டாமா? முப்பது வயது மனிதனைத் தனியே குளிக்க விடுவதில்லை. கதவைத் தாழிட விடுவதில்லை. கடைக்குப் போக விடுவதில்லை. பெண்ணாயிருந்தாலோ வெளியில் தெரிந்தால் தங்கைக்கும் வரன் வராதென்று வீட்டிலேயே மறைத்துவைக்கிறார்கள். அன்பினால்தான் இவ்வளவும் நடக்கிறது என்றாலும், சிறைக்குள் இருப்பவனுக்கு அது அன்பினால் கட்டிய சிறையா, அதிகாரத்தினால் கட்டிய சிறையா என்பதில் என்ன வித்தியாசம்? நாய் அவனை “எங்கே போகிறாய்?” என்று கேட்பதில்லை. அவன் போகிற இடத்துக்குத் தானும் போகிறது. அவன் வேலைக்குப் போகலாம். சினேகிதர் வீட்டுக்குப் போகலாம். தனி வீட்டில் குடியிருக்கலாம். விழமாட்டான் என்பதற்கு நாய் ஜாமீன் கொடுப்பதில்லை. விழுந்தால் தனியாகக் கிடக்கமாட்டான் என்ற தைரியத்தைக் கொடுக்கிறது. அந்தத் தைரியமே பாதி மனித வாழ்வு என்போம்.

அமெரிக்காவில் இதை இரக்கத்துக்கு விட்டுவைக்காமல் உரிமையாகவே ஆக்கியிருக்கிறார்கள். 1990-ல் செய்த உடற்குறையுடையோர் சட்டத்தின்படி, இப்படிப் பழக்கிய நாயோடு வருகிறவரை ஓட்டல்காரரோ கடைக்காரரோ தடுக்க முடியாது. ஏதாவது சந்தேகமிருந்தால், “உடற்குறையினால் இந்நாய் வேண்டியிருக்கிறதா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறது?” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கலாம். நோயின் விவரத்தையோ அத்தாட்சிச் சீட்டையோ கேட்கக்கூடாது. நாய் அடங்காமல் தொந்தரவு செய்தால் வெளியேற்றலாம். இதுதான் நியாயமான ஏற்பாடு.

நம் நாட்டுச் சட்டமோ வேறு வழியில் போயிற்று. இந்து விவாகச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் செய்து, அடிக்கடி காக்காய் வலிப்பு வருகிறவர்கள் விவாகத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று சேர்த்தார்கள். அது தவறென்று கண்டு எடுத்தெறிய 1999 வரை 23 ஆண்டுகள் பிடித்தன. சட்டத்திலிருந்து போய்விட்டதே தவிர, பெண் பார்க்கிறவர்களின் மனத்திலிருந்து இன்னும் போனபாடில்லை.

இப்படிப்பட்ட ஒரு நாயைப் பழக்க இரண்டு வருஷம் வரை பிடிக்கும். செலவும் பல ஆயிரம் டாலர் ஆகும். அதற்கும் தீனி, ஓய்வு, வைத்தியம் எல்லாம் வேண்டும். எனவே, நாளைக்கே ஒவ்வொரு வலிப்புக்காரருக்கும் ஒரு நாய் கிடைத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. நாய் கிடைக்காத இடத்தில் மனிதர்களாவது இருக்கிறார்களே, அவர்கள் அந்த நாயின் அளவுக்காவது நடந்துகொள்ளக்கூடாதா என்றுதான் கேட்கின்றோம். விழுந்தவனை அமுக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். இடித்துக்கொள்ளக்கூடிய பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்று ஒரு துணியை வைத்து, வலிப்பு அடங்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு திரும்புகிற வரையில் பக்கத்திலேயே இருங்கள். சாவிக்கொத்து உங்கள் மடியிலேயே இருக்கட்டும். அது வீட்டுக் கதவைத் திறப்பதற்கு மாத்திரமே பயன்படும்.